பூட்டைத் திறந்தவர்கள்

வரலாற்றுத் தொடர்

1. கட்டம் போட்ட தமிழ்

2012-இல் விருத்தாசலம் கடைவீதியில் ஆண்ட்ராய்டு போன் வாங்கிய பலருக்கு, அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஒரு சங்கடம் காத்திருந்தது. பேஸ்புக்கைத் திறந்தால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் தமிழில் எழுதிய பதிவு வரிசையாகக் கட்டங்களாகத் தெரிந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரம். கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டால், ‘இதுல தமிழ் வராதுங்க. அப்டேட் வந்தா வரும்’ என்பார் கடைக்காரர். எப்போது வரும்? அவருக்குத் தெரியாது. அவருக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிக்கும் தெரியாது.

பீங்கானுக்குப் பேர்போன ஊர் விருத்தாசலம். மின்கம்பத்து இன்சுலேட்டரும் ஃபியூஸ் கேரியரும் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் டிப்ளமோ கல்லூரியும் உண்டு. அங்கே படித்த பையனிடம் அந்த போனைக் கொடுத்தால், பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் மணல்பருக்கை அளவுச் சில்லுகளைக் காட்டுவான். பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானை அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட மின்தேக்கிகள்; ஒரு போனில் நூற்றுக்கணக்கில் இருக்கும். வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க மென்பொருளில்.

அன்றைக்குச் சந்தையில் மலிந்து கிடந்தது ஆண்ட்ராய்டு 2.3. கூகுள் கொடுத்த மூலச் சரக்கில் தமிழ் எழுத்துரு கிடையாது. சில கம்பெனிகள் இந்திய மாடல்களில் தாங்களாகவே சேர்த்தன. பல கம்பெனிகள் மெனக்கெடவில்லை. விவரமறிந்தவர்கள் ஓப்பரா மினி உலாவியில் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று அடித்து, வரும் பட்டியலில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரியில் ‘ஆம்’ போட்டால் போதும். ஓப்பராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பிவைக்கும். சொந்த மொழியைப் படிக்க நார்வே கம்பெனியிடம் அதைப் படம் பிடித்து வாங்கிய காலம் அது.

இன்னும் துணிந்தவர்கள் போனை ‘ரூட்’ செய்தார்கள். போனின் உள்ளறைகளுக்குள் போய்க் கைவைக்கும் நிர்வாகி உரிமை அது. விற்கும்போது கம்பெனி அதை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. ரூட் செய்து, எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் தமிழ் எழுத்துருவைப் போட்டால் கட்டங்கள் மறைந்துவிடும். ஆனால் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். யூனிகோடு முறையில் முதலில் ககரம், அப்புறம்தான் கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது இன்னொரு மென்பொருளின் வேலை. அந்த மென்பொருள் போனில் இல்லை. கண்ணை மாற்றி மாற்றி வைத்துப் படித்துப் பழகியவர்கள் இருந்தார்கள்.

2011 அக்டோபரில் கூகுள் ஆண்ட்ராய்டு 4.0-ஐ வெளியிட்டது. அதில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருந்தது. ஆக, தமிழ் தயார். விருத்தாசலத்து போன்களுக்கு அது ஏன் வந்து சேரவில்லை?

வழி நெடுகச் சுங்கச்சாவடிகள். கூகுள் மூலநிரலை வெளியிட்டதும் குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் சிப்புக்கு ஏற்ப இயக்கிகளைத் திருத்தி எழுத வேண்டும். பழைய சிப்பாக இருந்தால் எழுத மாட்டார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும். எழுதினால், அடுத்து போன் கம்பெனி அதன்மேல் தன் சொந்த அலங்காரத்தைப் பூசும். பிறகு கூகுளின் பொருத்தச் சோதனை. அமெரிக்காவில் அதற்கு மேல் தொலைபேசி கம்பெனியின் சோதனையும் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சாவடி கிடையாது. ஆனாலும் நமக்கு அப்டேட் முந்தி வந்ததாக நினைவில்லை. காரணம் தொழில்நுட்பமல்ல, கணக்கு. விற்றுவிட்ட போனுக்கு அப்டேட் எழுதினால் சம்பளச் செலவுதான் மிச்சம். அதே ஆட்களை வைத்துப் புது மாடல் போட்டால் காசு. 2011 மே மாதம் கூகுள் தன் மாநாட்டில் பெரிய கம்பெனிகளை மேடையில் சேர்த்து, புது போன்களுக்கு 18 மாதம் அப்டேட் தருவோம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

2011 டிசம்பரில் சாம்சங் ஒரு காரியம் செய்தது. ஒரு கோடிக்கு மேல் விற்ற தன் கேலக்ஸி எஸ் போனுக்கு 4.0 வராது என்று கைவிரித்தது. நினைவகம் போதாதாம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே சிப், அதே 512 எம்.பி. நினைவகத்தோடு அதே சாம்சங் கூகுளுக்காகச் செய்துகொடுத்த நெக்ஸஸ் எஸ் போனுக்கு அந்த மாதமே 4.0 வந்துவிட்டது. போதாமல் போனது நினைவகமல்ல. அதைத் தின்றது சாம்சங்கின் சொந்த அலங்காரம்.

சில மாதங்களில் கேலக்ஸி எஸ்-ஸிலும் 4.0 ஓடியது. சாம்சங் அனுப்பவில்லை. சயனோஜென்மோட் 9 என்ற பெயரில், முகம் தெரியாத சிலர் இரவெல்லாம் உட்கார்ந்து தைத்துப் போட்ட சட்டை அது. பச்சை மண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் பிசையலாம், சூளை ஏறி இறங்கியபின் முடியாது என்பது பீங்கான் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பெனிகள் போனைச் சுட்ட பாண்டமாக விற்றன. இவர்கள் அதை இன்னும் பச்சை மண் என்றார்கள்.

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? 2008 நவம்பரில், அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் புது போனில் ஒற்றைச் சொல்லைத் தட்டி ‘என்டர்’ அமுக்கினார். அடுத்த நொடி...

(தொடரும்)

2. பேயும் வக்கீல் நோட்டீசும்

அடுத்த நொடி போன் அணைந்து, தானே மறுபடி எழுந்தது.

அவர் தட்டிய சொல் ‘ரீபூட்’. போனுக்குச் சொன்ன கட்டளை அல்ல. அரட்டையில் இன்னொருவருக்கு எழுதிய சாதாரணச் செய்தி. அந்த போன், உலகத்தின் முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1. தைவானின் எச்.டி.சி. செய்தது, 2008 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இழுத்தால் வெளியே வரும் விசைப்பலகை அதில் இருந்தது. சோதனைக் காலத்தில் பொறியாளர்கள் தங்கள் வசதிக்கு ஒரு ரகசியக் கதவு வைத்திருந்தார்கள். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், திரையில் தெரிவது ஒருபுறமிருக்க, திரைக்குப் பின்னால் நிர்வாகி உரிமையோடு ஓடும் கட்டளைச் சாளரத்துக்கும் அது போகும். விற்பனைக்கு அனுப்புமுன் அந்தக் கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள்.

போன் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு செய்தி அனுப்பியபோதும், தெரியாமலே அரியணையில் உட்கார்ந்து ஆணையிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான சொற்கள் கட்டளையாக இல்லாததால் பிழைத்தார்கள்.

விஷயம் வெளியே வந்ததும் கூகுள் சில நாட்களுக்குள் திருத்தத்தை அனுப்பியது. அப்டேட் தாமதம் என்று மூக்கால் அழுகிற இந்த வரலாற்றில், மின்னல் வேகத்தில் வந்த முதல் அப்டேட் ஓட்டையை அடைக்க வந்ததுதான்! கைதேர்ந்த பயனர்கள் என்ன செய்தார்கள்? அந்த அப்டேட்டை வேண்டாமென்று தள்ளினார்கள். வந்துவிட்ட போன்களில் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினார்கள். ஓட்டை இருக்கும் பதிப்பு வழியே உள்ளே நுழைந்து, ரூட் உரிமையைக் கைப்பற்றி, பிறகு தாங்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாவி இப்போது அவர்கள் கையில்.

ஜீசஸ்ஃப்ரீக் என்ற புனைபெயர்க்காரர், கூகுளின் அப்டேட்டையே எடுத்து, பூட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபதிப்பாக வெளியிட ஆரம்பித்தார். இப்படித் திருத்தி வெளியிடும் மென்பொருளுக்குப் பெயர் கஸ்டம் ரோம். 2009-இல் அவர் ஒதுங்கியபோது, இனி சயனோஜெனிடம் போங்கள் என்று தன் ஆட்களை ஒருவரிடம் கைகாட்டிவிட்டார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இருந்த நிரலாளர் ஸ்டீவ் கோண்டிக். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் சயனோஜென். அவருடைய ரோமின் பெயர் சயனோஜென்மோட். கம்பெனியின் மென்பொருளைவிட வேகம், வாராவாரம் மேம்பாடு. ஆயிரக்கணக்கானோர் மாறினார்கள்.

2009 செப்டம்பரில் வந்தது கூகுளின் வக்கீல் நோட்டீஸ்.

ஆண்ட்ராய்டு திறந்த மூலநிரல் ஆயிற்றே, அதை மாற்ற உரிமை எல்லாருக்கும் உண்டே என்றால், உண்டுதான். ஆனால் ஜிமெயில், யூடியூப், மேப்ஸ், மார்க்கெட் என்ற பெயரில் அப்போதிருந்த செயலிக் கடை ஆகியவை திறந்தவை அல்ல, கூகுளின் சொத்து. கோண்டிக் அவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டப்படி கூகுள் சொன்னது சரி. பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

தீர்வு சாமர்த்தியமானது. ரோமில் கூகுள் செயலிகள் இருக்காது. பயனர் தன் போனில் ஏற்கெனவே இருந்த கூகுள் செயலிகளைத் தானே எடுத்துவைத்து, புது ரோம் போட்டபின் தானே திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் கஸ்டம் ரோம் போடுகிறவர்கள் ரோமுக்கு ஒரு ஜிப், கூகுள் செயலிகளுக்கு இன்னொரு ஜிப் என்று இரண்டாக இறக்குவது இந்த நோட்டீஸின் மிச்சம்தான்.

இங்கே தமிழ்நாட்டில் இது சின்னக் கைத்தொழிலாகவே கிளைத்தது. சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி விருத்தாசலம் வரை, கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் நாலைந்து கேபிளும் வைத்த செல் கடைகளில் ‘சாஃப்ட்வேர் ஏத்தறது’ என்ற சேவை பலகையில் ஏறியது. அங்கே நடக்கும் உரையாடல் எல்லா ஊரிலும் ஒன்றே.

‘அண்ணே, லோகோலயே நிக்குதுண்ணே. உள்ள போக மாட்டேங்குது.’

‘நீயே ஏதாவது நோண்டுனியா?’

‘...ஒரு ரோம் போட்டேன்.’

‘டேட்டா எல்லாம் போயிடும், பரவால்லியா?’

இதில் மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் மீடியாடெக் சிப் போட்ட மலிவு போன்கள். லினக்ஸ் கருவை எடுத்துப் பயன்படுத்தினால் திருத்திய நிரலை வெளியிட வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. பல மலிவு போன் கம்பெனிகள் அதைக் காற்றில் விட்டன. நிரல் இல்லாமல் ரோம் எழுதுவது இருட்டில் ஊசி கோப்பதுதான். பாதி ரோம்களில் கேமரா வேலை செய்யாது.

அங்கே கோண்டிக் 2011 ஆகஸ்டில் சாம்சங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஆம், நாலு மாதம் கழித்து கேலக்ஸி எஸ்-ஸுக்குக் கைவிரித்த அதே சாம்சங். சயனோஜென்மோட் வேலையை மட்டும் அவர் விடவில்லை. 2013 செப்டம்பரில் அது கம்பெனியாக மாறியது: சயனோஜென் இன்க். முதலீடு 70 லட்சம் டாலர்; டிசம்பரில் மேலும் 2 கோடியே 30 லட்சம். தலைமை அதிகாரியாக கிர்ட் மெக்மாஸ்டர். தொண்டாக நிரல் எழுதியவர்களிடையே முணுமுணுப்பு கிளம்பியது. கேமரா செயலி எழுதிய ஒருவர், தன் நிரலின் உரிமத்தைக் கம்பெனி தனக்குத் தோதாக மாற்றப் பார்க்கிறது என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

பணம் வந்துவிட்டது. இனி வருமானம் வேண்டும். மூலநிரலை விற்க முடியாது. அது எல்லாருக்கும் பொது. அப்படியானால் விற்பதற்கு என்ன இருக்கிறது? 2014-இல் சயனோஜென் அதற்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. அந்தப் பதிலை இரண்டு கம்பெனிகளுக்கு விற்றது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மாதத்தில் கடை விரித்தன.

(தொடரும்)

3. டெல்லியில் ஒரு டிசம்பர்

சயனோஜென் விற்றது பெயரையும் அப்டேட்டையும்.

முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று, சீனாவின் ஷென்சென் நகரில் பீட் லாவும் கார்ல் பேயும் 2013 டிசம்பரில் தொடங்கிய ஒன்பிளஸ். 2014 ஏப்ரலில் வந்த ஒன்பிளஸ் ஒன்னின் முதுகில் சயனோஜென் என்ற பெயர் அச்சிடப்பட்டிருந்தது. உயர்ரக போனின் உள்ளடக்கம், பாதி விலை, கூடவே கஸ்டம் ரோம்காரர்களே எழுதித் தரும் மென்பொருள். ரிச்சி தெருவில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டது இப்போது பெட்டிக்குள்ளேயே வருகிறது! அழைப்பிதழ் இருந்தால்தான் வாங்க முடியும் என்றார்கள். அந்த அழைப்பிதழுக்கு இணையத்தில் கையேந்தாதவர் குறைவு.

இரண்டாவது வாடிக்கையாளர் குர்கானின் மைக்ரோமேக்ஸ். அப்போது இந்தியச் சந்தையில் சாம்சங்கோடு முதலிடத்துக்கு மல்லுக்கட்டிய கம்பெனி. இதன் 2014 செப்டம்பரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அம்மாதம் 15-ஆம் தேதி மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, அப்போது ஆண்ட்ராய்டின் தலைவர், டெல்லியில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 6,399 ரூபாயிலிருந்து போன்கள், அலங்காரம் கிடையாது, அப்டேட் நேராக கூகுளிடமிருந்தே வரும். வழியில் உள்ள சாவடிகளை இடிக்கும் திட்டம். மேடையில் கார்பன், ஸ்பைஸ், கூடவே மைக்ரோமேக்ஸ். அதே செப்டம்பரில் அதே மைக்ரோமேக்ஸ், கூகுளுக்கு எதிர்முகாமான சயனோஜெனோடும் ஒப்பந்தம் போட்டது. இந்தியாவில் சயனோஜென் எங்களுக்கு மட்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் சாரம். இரண்டு குதிரையில் கால் வைப்பதை வியாபாரத்தில் யாரும் தப்பாகச் சொல்வதில்லை.

ஆனால் ஒன்பிளஸுக்கு ஏற்கெனவே கொடுத்த உரிமம்? சீனா நீங்கலாக உலகம் முழுவதற்கும் என்றுதான் ஒன்பிளஸ் நம்பியிருந்தது. நவம்பர் கடைசியில், இந்தியாவில் மட்டும் உங்களுக்கு இல்லை என்று சயனோஜெனிடமிருந்து கடிதம் போனது. இந்திய வெளியீட்டுக்குச் சில நாட்களே மிச்சம்!

டிசம்பர் 2. ஒன்பிளஸ் ஒன் அமேசானில் 21,999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. முதுகில் சயனோஜென் பெயர் அப்படியே. மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார்: சயனோஜென் பெயரும் மென்பொருளும் கொண்ட போன்களை ஒன்பிளஸ் இந்தியாவில் விற்கக் கூடாது. இரண்டே நாளில், டிசம்பர் 18 அன்று, மைக்ரோமேக்ஸின் துணை நிறுவனமான யூ, ராகுல் சர்மா தலைமையில் தன் முதல் போனை வெளியிட்டது. பெயர் யுரேகா, விலை 8,999, உள்ளே சயனோஜென்.

இந்த வழக்கில் மூலநிரலைப் பற்றிச் சண்டையே இல்லை. அதை நீங்களும் நானும் கூட இறக்கிக்கொள்ளலாம்; யாரும் நோட்டீஸ் விட மாட்டார்கள். சண்டை, அந்த நிரலுக்கு அடுத்த ஆண்டு வரப்போகும் அப்டேட் யார் குழாய் வழியாக, எந்த நாட்டில் பாயும் என்பதைப் பற்றி. கம்பெனிகளின் தாமதத்தை எதிர்த்து நிர்வாகி உரிமையைப் பிடுங்கிக் கொடுத்த கூட்டம், ஆறே ஆண்டில் அப்டேட்டை நாடு வாரியாகக் குத்தகைக்கு விட்டது. இதை மைக்ரோமேக்ஸின் குற்றமாக நான் பார்க்கவில்லை. விற்றவர் ஒருவர், வாங்கியவர் இருவர்; பழி விற்றவர் மேல்தான்.

மாதம் முடிவதற்குள் இரு நீதிபதிகள் அமர்வு தடையை விலக்கியது. ஒன்பிளஸ் மறுபடி விற்பனைக்கு வந்தது. கூடவே ஒரு முடிவோடு. இனி யாருடைய மென்பொருளையும் நம்புவதில்லை. 2015 ஏப்ரலில் ஆக்சிஜன் ஓ.எஸ். என்று தனக்கான சொந்த மென்பொருளை வெளியிட்டது. யுரேகாவும் சோடை போகவில்லை. 2015 ஜனவரியில் முதல் விற்பனையில் வைத்த 10,000 போன்களும் மூன்று விநாடியில் தீர்ந்தன என்று அறிவித்தார்கள். யூ செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: போனை ரூட் செய்தாலும் வாரண்டி போகாது என்றது. இந்தியாவில் அதுவரை ரோம் போட்டவர்கள் சர்வீஸ் சென்டருக்குத் திருடனைப் போலத்தான் போய்வந்தார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே தமிழும் இன்னொரு படி ஏறியிருந்தது. 2014 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 5.0, மெனு, அமைப்புகள் முதல் எச்சரிக்கை வரை எல்லாவற்றையும் தமிழில் காட்டும் வசதியோடு வந்தது. ஒன்பிளஸ் ஒன், யுரேகா இரண்டுமே பெட்டியில் 4.4 பதிப்போடுதான் இருந்தன. தமிழ் மெனுவுக்கு மறுபடியும் அப்டேட்டுக்குக் காத்திருப்பு.    

சயனோஜெனுக்கு வழக்கால் நட்டம் ஏதும் தெரியவில்லை. 2015 ஜனவரியில் மெக்மாஸ்டர் ஆண்ட்ராய்டை கூகுளின் கையிலிருந்து பறிக்கப்போவதாக வெளிப்படையாகச் சொன்னார். மார்ச்சில் 8 கோடி டாலர் முதலீடு வந்தது. முன்னின்று போட்டது விப்ரோவின் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம். ட்விட்டரும் குவால்காமும் கூடச் சேர்ந்தன. ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைகோத்தது.

அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அந்த கம்பெனியின் இணையதளத்தில் சில வரி அறிவிப்பு வந்தது. தலைப்பில் வாழ்த்து ஏதும் இல்லை.

(தொடரும்)

4. ஒரு நாள் இடைவெளி

அறிவிப்பு இதுதான்: 2016 டிசம்பர் 31-க்குள் சயனோஜெனின் எல்லாச் சேவைகளும், தினப்படி வெளியாகும் பதிப்புகளும் நிறுத்தப்படும்.

சரிவு ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. ஊழியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் மெக்மாஸ்டர் தலைமையிலிருந்து விலகினார். நவம்பரில் கோண்டிக்கே வெளியே. தன் புனைபெயரைத் தாங்கிய கம்பெனியில் அவருக்கு இடமில்லை. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: போன் கம்பெனிகளுக்கு மென்பொருள் இலவசமாக கூகுளிடமே கிடைக்கிறது, ஒன்பிளஸ் பட்ட பாட்டைப் பார்த்த பெரிய கம்பெனிகள் இவர்களை நம்பி வரத் தயங்கின.

அப்டேட் சீக்கிரம் வரும் என்று சொல்லி விற்கப்பட்ட போன்களை வாங்கியவர்களின் நிலை பரிதாபம். விற்றவர் இருக்கிறார், எழுதியவர் இல்லை. ஒன்பிளஸ் ஒன்னுக்குக் கம்பெனி வழியில் வந்த அப்டேட் ஆண்ட்ராய்டு 6-ஓடு நின்றது.

ஆனால் டிசம்பர் 24 அன்றே, சயனோஜென்மோட்டின் தொண்டர் கூட்டம் நிரலை அள்ளிக்கொண்டு லினியேஜ் ஓ.எஸ். என்ற புதுப் பெயரில் குடியேறியது. பெயர் கம்பெனியின் சொத்து, அதை விட்டுவிட்டார்கள். நிரல் எல்லாருடையது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. டெல்லியில் எந்தப் பெயருக்காகச் சண்டை நடந்ததோ, அது இப்போது வேண்டாத சரக்கு. 2017 ஜனவரியில் முதல் பதிப்புகள் வந்தன. ஒன்பிளஸ் ஒன்னுக்கு ஆண்ட்ராய்டு 7-ம் அதற்குப் பின் வந்தவையும் இந்தத் தொண்டர்கள் வழியாகத்தான் கிடைத்தன. யுரேகாவுக்கும் 7 வந்தது. போனின் துவக்கப் பூட்டான பூட்லோடரைத் திறக்கத் தெரிந்தவருக்குப் பழைய போன் மறுபடி புதிதாயிற்று. தெரியாதவர் எக்ஸ்சேஞ்சில் போட்டார்.

அப்புறம் இந்தத் தொழில் ஏன் நம் ஊர்களில் படுத்தது?

கூகுள் கொஞ்சம் திருந்தியது ஒரு காரணம். 2017-இல் ஆண்ட்ராய்டு 8.0-ஓடு வந்த டிரெபிள் திட்டம், சிப் கம்பெனியின் நிரலை இயங்குதளத்திலிருந்து தனியே பிரித்துவைத்தது. முதல் சாவடியில் மீண்டும் மீண்டும் நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. 2023-இல் கூகுளும் 2024-இல் சாம்சங்கும் தங்கள் உயர்ரக போன்களுக்கு 7 ஆண்டு அப்டேட் என்றன. ஒருகாலத்தில் மேடையேறிச் சொன்ன 18 மாத வாக்குறுதியையே காப்பாற்றாத தொழில் இது.

பெரிய காரணம் வேறு. அதற்கு மறுபடி 2016 டிசம்பர் கடைசி வாரத்துக்குப் போக வேண்டும். நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், பாங்கு வாசலில் ஊரே வரிசையில் நின்று அலுத்திருந்த நேரம். டிசம்பர் 30 அன்று பிரதமர் பீம் என்ற பணப்பரிமாற்றச் செயலியைத் தொடங்கிவைத்தார். சயனோஜெனுக்குக் குறித்த கடைசித் தேதி அதற்கு மறுநாள்.

போன் அன்றிலிருந்து பணப்பை. பெட்டிக்கடையில் கியூ.ஆர். அட்டை ஏறியது, பீங்கான் அகல்விளக்கு விற்கும் தள்ளுவண்டியிலும் ஏறியது. பணப்பையின் பூட்டை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வங்கிகள் கவலைப்படுவதில் தப்பில்லை. ரூட் செய்த போன், பூட்லோடர் திறந்த போன் என்று தெரிந்தால் பல வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் ஓட மறுக்கின்றன. போன் கம்பெனி போட்டுக் கொடுத்த நிலையில்தான் இருக்கிறதா என்று அவை கூகுளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கின்றன. இதற்கும் மாற்று வழி கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் அதை அடைக்கும். இவர்கள் இன்னொன்று கண்டுபிடிப்பார்கள். ஜி1 காலத்து ஆட்டம்தான், ஒரே ஒரு வித்தியாசம்: அன்று தோற்றால் போன் லோகோவில் நின்றது, இன்று தோற்றால் டீக்கடையில் காசு கொடுக்க முடியாது.

அதனால் இப்போது செல் கடையில் ‘ரோம் போடணும்ணே’ என்று யாராவது போய் நின்றால், டேட்டா போயிடும் பரவாயில்லையா என்று கேட்பதற்கு முன்பு கடைக்காரர் வேறு கேள்வி கேட்கிறார்: ‘இதுலதான் ஜிபே வச்சிருக்கியா?’

(முற்றும்)